திரும்பிப் போகும் வண்டிகள்

பூந்தமல்லி நெடுஞ்சாலை நமக்கெல்லாம் பெங்களூர் ரோடு. கோயம்பேடு, மதுரவாயல், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று மேற்கே நீள்கிற, ஆபீஸுக்கும் காலேஜுக்கும் போய்வருகிற சாலை. 1960களில் தொடங்கி 1980களின் நடுப்பகுதிவரை அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. சிங்கப்பூர் பக்கமிருந்து லண்டனுக்குத் தரைவழியே போக நினைத்த ஒருவருக்கு, நடுவில் அறுந்துபோன உலகச் சாலை மறுபடி ஒட்டிக்கொண்ட இடங்களில் முக்கியமானது மெட்ராஸ் துறைமுகம். கப்பலிலிருந்து மோட்டார் சைக்கிளை இறக்கி, பேப்பர்களில் சீல் வாங்கி, மேற்கே திரும்பினால் பூந்தமல்லி. வடக்கே கல்கத்தா போவதென்றால் செங்குன்றம் வழி.

சாலை எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று பார்த்தால் கதை மோட்டார் சைக்கிளோடு நிற்காது. ஒரு நாட்டின் எல்லை ஒரு வண்டியிடம் என்ன கேட்கிறது, மனிதரிடம் என்ன கேட்கிறது என்பதுவரை போகும்.

1

வரைபடத்தில் லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை விரலை நகர்த்திப் பாருங்கள். இங்கிலீஷ் கால்வாயையும் இஸ்தான்புல்லின் குறுகிய நீரிணையையும் விட்டுவிட்டால் எல்லாமே தரைதான். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, அஸ்ஸாமின் லெடோவிலிருந்து போர்க்காலத்தில் போடப்பட்ட சாலை வழியாக பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதே அது லேசான சாலை இல்லை. ஆனால் முடிந்தது.

1962 மார்ச் 2ஆம் தேதி பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அதன்பின் வெளிநாட்டவர் விமானத்தில் ரங்கூன் வந்து சில நாள் சுற்றிவிட்டுப் போகலாம் என்ற அளவுக்குத்தான் கதவு திறந்திருந்தது. தரைவழியே வண்டியோடு குறுக்கே போவது முடியாத காரியம் ஆனது.

இந்தக் கதவடைப்பு தமிழர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். 1964இல் பர்மாவில் கடைகளும் வியாபாரமும் தேசியமயமாகின. அதே ஆண்டு 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு ரங்கூனில் கப்பல் ஏறி மெட்ராஸில் இறங்கின. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது அப்படித்தான். ஆக ஒரே கதவு மூடியதால் இரண்டு விதமான ஆட்கள் ஒரே துறைமுகத்தில் இறங்கினார்கள்: வீட்டை இழந்து வந்தவர்களும், ஊர் சுற்ற வந்தவர்களும். முதல் கூட்டம் மிகப் பெரியது, இரண்டாவது மிகச் சின்னது. புத்தகங்களில் இடம்பிடித்தது என்னவோ இரண்டாவதுதான்.

2

தென்கிழக்கு ஆசியாவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு பழைய கப்பல் வழி இருந்தது. ரஜுலா என்ற கப்பல் 1926லிருந்து பல பத்தாண்டுகள் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. தோட்டத் தொழிலாளர்கள், வட்டிக்கடைக்காரர்கள், மாப்பிள்ளைகள், சாமான் வியாபாரிகள் எல்லோரையும் ஏற்றி இறக்கிய கப்பல் அது. 1973இல் அது ஓய்வு பெற்றதும் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1966இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி ‘பாஸ்டர்’ என்று பெயரிட்டு ஓட்டிய கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி மாற்றிய பெயர்தான் சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் கதையும் முடிந்தது.

பினாங்கிலிருந்து இந்த வழியாக மெட்ராஸ் வந்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் டெட் சைமன். 1973 அக்டோபர் 6ஆம் தேதி லண்டனிலிருந்து 500 சிசி டிரயம்ஃப் டைகரில் கிளம்பி, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர். அவர் எழுதிய ‘ஜூபிட்டர்ஸ் டிராவல்ஸ்’ 1979இல் வந்தது. அதைப் படித்துவிட்டு வேலையை விட்டு வண்டி எடுத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இன்னொருவர் எல்ஸ்பெத் பியர்ட். லண்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர், 1982இல் பழைய பி.எம்.டபிள்யூ. ஆர்60/6 ஒன்றில் தனியாகக் கிளம்பினார். சிங்கப்பூரில் அவருடைய பாஸ்போர்ட், விசாக்கள், வண்டியின் பதிவு ஆவணங்கள் எல்லாம் மொத்தமாகத் திருட்டுப் போயின. அவற்றைத் திரும்ப உண்டாக்க ஆறு வாரம் ஆனது. கவனியுங்கள், வண்டி பத்திரமாக அங்கேயே நின்றது. டேங்கில் பெட்ரோல் போட்டால் ஓடும். ஆனாலும் ஆறு வாரம் அசையவில்லை. பிறகு தாய்லாந்தில் விபத்து, பினாங்கில் கப்பல், மெட்ராஸ், அங்கிருந்து கல்கத்தா, காத்மாண்டு. 1984இல் இந்தியாவை விட்டு பாகிஸ்தான் பக்கம் போக வேண்டிய நேரத்தில் பஞ்சாப் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்தது. மறுபடியும் பேப்பருக்கு அலைச்சல்.

இவர்களைப் போன்றவர்களின் புத்தகங்களை மலை, பாலைவனம், மழை என்று நினைத்துக்கொண்டு எடுப்போம். உள்ளே போனால் பாதி கதை கஸ்டம்ஸ் ஆபீஸ் பெஞ்சில் நடக்கும்.

3

அந்தப் பெஞ்சில் என்னதான் நடக்கிறது?

வெளிநாட்டுப் பதிவெண் உள்ள மோட்டார் சைக்கிள் ஒரு நாட்டுக்குள் நுழைகிறது என்றால், சட்டத்தின் கண்ணில் அது இறக்குமதிச் சரக்கு. சரக்கு என்றால் சுங்கவரி. இந்தியா போன்ற நாட்டில் அந்த வரி வண்டியின் விலையையே தொட்டுவிடும், சில காலங்களில் தாண்டியும் இருக்கிறது. மூன்று மாதம் சுற்றிப் பார்க்க வந்த ஆள் அவ்வளவு கட்ட முடியுமா? கட்டாமல் விட்டால் உல்லாசப் பயணி என்ற பெயரில் வண்டிகள் உள்ளே வந்து, விலைபோய், மறைந்துவிடாதா?

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே பிறந்ததுதான் கார்னெட். பிரெஞ்சில் ‘கார்னே’ என்றால் சின்ன நோட்டுப் புத்தகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் மோட்டார் சங்கங்கள் கண்டுபிடித்த வழி. 1954 ஜூன் 4ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. ஒப்பந்தமாக அது உலக அளவுக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு.

அதன் இயக்கம் எளிமையானது. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி உள்நுழைவுத் துண்டைக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது வெளியேற்றத் துண்டைக் கிழித்துக்கொள்வார். மூன்றாவது அடிக்கட்டை. அதில் இரண்டு சீலும் விழும், அது புத்தகத்தோடு போகும். இரண்டு சீலும் இருந்தால் கணக்கு நேர். வெளியேறிய சீல் இல்லை என்றால், வண்டி இன்னும் அந்த நாட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று பொருள். வரி கட்டியாக வேண்டும். நாடு அந்தப் பணத்தை, புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கத்திடம் கேட்கும். சங்கம் நம்மிடம் கேட்கும். அதற்காகத்தான் கிளம்பும் முன்பே நம்மிடம் பெரிய தொகையை வைப்பாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வாங்கி வைத்துக்கொள்கிறது.

இந்தப் புத்தகம் வண்டி யாருடையது, எவ்வளவு வேகம் போகும், பிரேக் பிடிக்குமா என்பதைப் பற்றியெல்லாம் அதிகம் கவலைப்படுவதில்லை. அது சொல்வது ஒரே ஒரு வாக்குறுதி: இந்த வண்டி திரும்பிப் போய்விடும், போகாவிட்டால் பணத்துக்கு இன்னார் பொறுப்பு.

அந்த வாக்குறுதி எவ்வளவு கறார் என்றால், வழியில் வண்டி செத்துப்போனால்கூட அப்படியே போட்டுவிட்டு வர முடியாது. மோசமான விபத்தில் நொறுங்கியது என்று நிரூபித்தாலும் மூன்றே வழிதான்: வரி கட்டு, அரசாங்கத்துக்கே விட்டுக்கொடு, அல்லது அதிகாரி முன்னிலையில் அழித்துவிடு. விற்கக் கூடாது. உள்ளூர் ஆளுக்கு ஓட்டக் கொடுக்கக் கூடாது. அதாவது பூந்தமல்லி சாலையில் உறுமிக்கொண்டு போன அந்த வெளிநாட்டு வண்டி, உடம்பால் இங்கே வந்திருந்தது. சுங்கக் கணக்கின்படி இன்னும் வந்து சேரவில்லை.

4

சரி, வண்டிகள் உள்ளே வருவதில் இந்தியாவுக்கு ஏன் இத்தனை பயம்? இதற்குப் பதில் அதே மேற்குப் புறநகர்களில் கிடைக்கும்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தலைமை யு.என். தேபர். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அந்நியச் செலாவணி அரிது, அதைச் செலவழித்து முழு வண்டியை வாங்குவதைவிட வண்டி செய்யும் தொழிலை இங்கே கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் காலத்தின் பொருளாதாரக் கொள்கை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆவடியைச் சுற்றியே அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கி. அம்பத்தூரில் ஏற்கெனவே டிஐ சைக்கிள்ஸ் இருந்தது. டன்லப் டயர் ஆலை வந்தது. பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் வந்தது. 1960களின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட். அதே 1955இல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சிசி புல்லட்டை முதலில் கோத்தார்கள், 1962க்குள் எல்லா உதிரிபாகமும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

டெட் சைமன் ஓட்டிய தலைமுறை பிரிட்டிஷ் பைக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மின்சாதனங்களில் லூகாஸ் என்று எழுதியிருக்கும். டயர்களில் பெரும்பாலும் டன்லப். அந்த இரண்டு பெயரும் நம்மூர் பஸ் கண்டக்டருக்கு ஸ்டாப்பிங் பெயர்கள். “லூகாஸ் எறங்கு, டன்லப் எறங்கு” என்றால் பாடியும் அம்பத்தூரும். டன்லப் ஆலை நின்று வருடங்கள் ஆகிவிட்டன, ஸ்டாப்பிங் பெயர் நிற்கவில்லை. உதிரி உதிரியாக, கம்பெனியாக, வரைபடமாக, இயந்திரமாக எல்லை தாண்டி வந்த மோட்டார் சைக்கிளை இந்தியா வரவேற்றுக் குடியமர்த்தியது. முழு வண்டியாக வந்ததை விருந்தாளியாக மட்டுமே வைத்துக்கொண்டது. நாள் குறித்து, வாசல்வரை கூடவே போய் வழியனுப்பியது.

வேடிக்கை என்னவென்றால், குடியமர்ந்தது நிலைத்துவிட்டது. பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு 1970இல் நின்றுபோனது. 1977இல் மெட்ராஸ் புல்லட் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. பிறந்த ஊருக்கே வெளிநாட்டுச் சரக்காகத் திரும்பிய வண்டி.

5

வண்டி ஏற்றுமதியானது. அதே வண்டியை ஓட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட் ஃபிட்டர் ஒருவர் லண்டன் போக முடிந்ததா?

முதலில் ஆளே போக முடியுமா என்பது கேள்வியாக இருந்தது. பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம் என்ற நிலை 1967 ஏப்ரலில்தான் மாறியது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆனால் உரிமை வந்தாலும் பணம் எடுத்துப்போக முடியாது. பி-ஃபாரம், ரிசர்வ் வங்கி அனுமதி என்று வரிசை. கையில் 8 டாலரோடு விமானம் ஏறிய கதையை அந்தத் தலைமுறையில் வெளிநாடு படிக்கப் போன யாரிடமும் கேட்கலாம். 8 டாலரோடு ஆள் போய் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ளலாம். கார்னெட்டுக்கு உத்தரவாதம் கட்டி, வழி முழுக்கப் பெட்ரோல் போட்டு, கப்பலுக்குக் கொடுத்து வண்டியைக் கொண்டுபோவது எப்படி?

ஆகவே சாலை ஒன்றுதான், போக்குவரத்து ஒருவழி. பூந்தமல்லி தாண்டி வெளிநாட்டு பைக்குகள் போயின. அவற்றுக்கு பஞ்சர் ஒட்டியவர்கள், செயின் இறுக்கிக் கொடுத்தவர்கள் அதே சாலையின் கடைசிவரை போகலாம் என்று யோசிக்கக்கூட வழியில்லை. வந்தவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்ஸ்பெத் பியர்ட் செய்ததை இன்றும் எத்தனை பேர் செய்வார்கள்? ஆனால் துணிச்சல் மட்டும் போதுமானதாக இருந்தது சில நாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான்.

6

தெற்கே இன்னொரு எல்லை இருந்தது. அது இன்னும் நெருக்கமானது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் வந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, சேவை ராமேஸ்வரத்துக்கு மாறியது. ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. இலங்கை போகிற வண்டி மண்டபத்தில் ரயிலேறித்தான் கடலைத் தாண்டித் தீவுக்குப் போயாக வேண்டும். 1984இல் போர்ச் சூழலில் கப்பல் நின்றது. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. கப்பல் இருந்தபோது ரோடு இல்லை, ரோடு வந்தபோது கப்பல் இல்லை.

அந்தக் கடலை அதன்பின் தாண்டியவர்கள் வேறு ஆட்கள். படகில், இரவில், எந்தப் புத்தகமும் இல்லாமல் வந்த ஈழத்தமிழர்கள். 1990களில் அவர்களில் சிலர் அடைக்கப்பட்ட ‘சிறப்பு முகாம்’களில் ஒன்று பூந்தமல்லியில் இருந்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், வழக்கு முடிந்து ஜாமீன் கிடைத்தாலும் வெளியே விடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு. வெளிநாட்டு வண்டிகள் தடையில்லாமல் கடந்துபோன ஊரில், வெளிநாட்டவர் என்று பெயரிடப்பட்ட தமிழர்கள் சுவருக்குள் இருந்தார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. எல்லை ‘நீ யார்’ என்றுதான் முதலில் கேட்கிறது என்று நாம் நம்புகிறோம். கார்னெட்டைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது கேட்பது ‘நீ எப்போது திரும்பிப் போவாய், போகாவிட்டால் யார் பொறுப்பு’ என்றுதான். வண்டிக்கு அந்தக் கேள்வி சுலபம், பணத்தை வைத்துப் பதில் சொல்லிவிடலாம். திரும்பிப் போக வீடே இல்லாதவருக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு மெட்ராஸ் முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று முடிவெடுத்து, தரைவழியே மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேவரை போனார்கள். பர்மிய ராணுவம் உள்ளே விடவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள். மோரேயில் இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. உலகச் சாலை அறுந்த இடத்தில், அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்த் தெரு.

7

இன்று நிலைமை மாறியிருக்கிறதா? ஒரு பக்கம் மாறியிருக்கிறது. இன்று அம்பத்தூர்ப் பையன் ஒருவன் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷனில் கார்னெட் வாங்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். டாலர் வாங்கலாம். 2022 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுத் தனியார் வண்டிகளுக்கென்றே தனி விதிகளும் வந்தன. பதிவுச் சான்று, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு வேண்டும், உள்ளூர் ஆளையும் சரக்கையும் ஏற்றக் கூடாது.

மறுபக்கம், கதவுகளைப் பாருங்கள். 2018இல் மோரே எல்லை பயணிகளுக்குத் திறந்தபோது, தாய்லாந்துவரை ரோட்டிலேயே போய்விடலாம் என்று ரைடர்கள் கொண்டாடினார்கள். கொரோனாவும் 2021 ராணுவப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அதை மறுபடி மூடிவிட்டன. 2025 ஏப்ரலில் அட்டாரி–வாகா மூடியது. நேபாளம் வழியாக சீனா போகலாம், ஆனால் வழிகாட்டி, அனுமதி, அந்த நாட்டின் தற்காலிக நம்பர் பிளேட், லைசென்ஸ் என்று செலவு எகிறும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே கப்பல் தொடங்கியது. அது ஆட்களை மட்டும் ஏற்றுகிறது, வண்டியை ஏற்றுவதில்லை. ஆக 1983இல் போலவே இன்றும், வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கடலிலோ வானத்திலோ அனுப்புவதுதான் சென்னைக்காரருக்குப் பல நேரங்களில் மிச்சமிருக்கிற வழி.

பூந்தமல்லி பக்கம் எப்போதாவது, பெட்டிகள் கட்டிய ஒரு பெரிய பைக், புரியாத நம்பர் பிளேட்டோடு சிக்னலில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம். எத்தனை சிசி, எவ்வளவு மைலேஜ் என்று கேட்கத்தான் வாய் வரும். கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் எங்கோ ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதில் இந்தியா என்ற பக்கத்தில் ஒரு துண்டு கிழிக்கப்பட்டிருக்கும், இன்னொன்று கிழிபடக் காத்திருக்கும்.